கொடுத்த காட்டைக் காப்பது எவ்வாறு?

எமது முன்னோர் தெருவோரங்களில் மடம் கட்டினர், கேணி வெட்டினர், பாரம் சுமந்து வருவோர் இறக்கி ஆறுதற்குச் சுமைதாங்கியும், கால்நடைகள் உடலை உராய்ந்து கொள்வதற்கு ஆவுரஞ்சிக் கல்லும் நாட்டினர். இவற்றை நடத்துவதற்கென்று வயலோ தோட்டமோ எழுதிவைத்து, நொத்தாரிசு முன்னிலையில் தருமசாதன உறுதியும் முடித்தனர். அம்மடங்களிற் பல இன்று கூரையிழந்து நிற்கின்றன. கேணிகள் தூர்ந்துவிட்டன. எழுதிவைத்த வயல் இப்பொழுது எவருடைய கையில் இருக்கின்றதென்பதை அறியப் பழைய உறுதிகளைப் புரட்ட வேண்டியிருக்கின்றது. கொடுத்தவர்களிடத்தில் நாம் குறைகாணவில்லை. கொடுத்த பின்னர் யார் நடத்துவது, எந்தப் பணத்தைக் கொண்டு நடத்துவது, நடத்துகின்றவர் தவறினால் யார் கேட்பது என்னும் வினாக்களுக்குப் பல உறுதிகளில் ஒரு வரிக்கு மேல் விடை இல்லை. சிலவற்றில் அந்த ஒரு வரியும் இல்லை.

இவ்வெண்ணம் இப்பொழுது எமக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. எமது ஊர்களில் உரியவர்கள் கடல் கடந்து வாழ, வளவுகள் பல பற்றைபிடித்துக் கிடக்கின்றன. விற்பதற்கு அவர்களுக்கு மனம் வருவதில்லை. வந்து வாழவும் போவதில்லை. "மரங்கள் நிற்கட்டும், பறவைகள் கூடு கட்டட்டும், ஊருக்கென்று எழுதிவிடலாமா?" என்று கேட்போரை நாம் அறிவோம். இதனை வகுப்பிலே பேச்சுவாக்கில் கூறியபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "காடு தானாக வளர்வதுதானே, ஐயா, அதற்கு நிருவாகம் எதற்கு?" என்று கேட்டான். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். அதற்கு விடையாக நாம் கூறத்தக்க வரலாறு எமது நாட்டில் அன்று, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லையை ஒட்டிய மேய்ன் மாநிலத்தில் நிகழ்ந்தது. தனிமனிதர் ஒருவர் தம் பொருளைக் கொண்டு சிறிது சிறிதாக வாங்கிப் பொதுமக்களுக்கு வழங்கிய காடு அங்கே இருக்கின்றது. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அக்காடு அவர் சொற்படியே நடத்தப்படுகின்றது. எப்படி நடத்தப்படுகின்றதென்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பேர்சிவல் புறொக்ரர் பக்ஸ்ரர் என்பது அவர் பெயர். 1876இல் போட்லந்து நகரிற் பிறந்தவர். தந்தையார் தகரத்திலடைத்த உணவு வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டியவர். அந்நகரின் மேயராகப் பலமுறை இருந்தவர். மகனும் அரசியலில் நுழைந்து, 1921 முதல் 1925 வரை மேய்ன் மாநில ஆளுநராகப் பதவி வகித்தார். அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மலை கட்டாடின். ஏறத்தாழ 5,267 அடி. எமது பீதுருதாலகாலையோடு நோக்கினால் சிறியதே. ஆயினும் சுற்றிலும் தாழ்ந்த காடுகளும் ஏரிகளும் விரிந்துகிடக்க, அவற்றின் நடுவே தனித்து எழுந்து நிற்பதனாற் பெருந்தோற்றமுடையது. அப்பகுதியின் ஆதிக்குடிகளாகிய பெனொப்ஸ்கொற் மக்களின் மொழியில் கட்டாடின் என்பதற்கு மிகப் பெரிய மலை என்பதே பொருள். பக்ஸ்ரர் 1920இல் ஒரு குழுவினரோடு அம்மலையில் ஏறினார். அது முதல், அம்மலை மரவாணிகரின் கையில் இருத்தலாகாது, மக்களுக்கு உரியதாதல் வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் எண்ணமாயிற்று.

ஆளுநராக இருந்தபொழுது அவர் சட்டசபையைக் கேட்டார். சபை மறுத்துவிட்டது. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் பெருங் கம்பனிகளின் செல்வாக்கு அம்மாநிலத்தில் அத்தகையது. பதவி முடிந்தது, வேறொருவராயின் ஒரு நூலெழுதி மனக்குறையை ஆற்றிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். இவரோ 1930இல் தம் சொந்தப் பணம் 25,000 டொலர் கொடுத்து, மலையின் பெரும்பகுதி அடங்கிய ஏறத்தாழ 6,000 ஏக்கரை கிறேற் நோதேண் காகிதக் கம்பனியிடமிருந்து வாங்கினார். ஏக்கர் ஒன்றுக்கு நாலு டொலர் சொச்சம். அடுத்த ஆண்டே அதனை மாநிலத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் செய்ய மறுத்ததை அரசாங்கத்துக்கே தானமாகக் கொடுத்தாரென்பதைக் கவனிக்க வேண்டும்.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக, ஒரு துண்டு, பின்னர் ஒரு துண்டு என்று, உரிமையாளர் எப்பொழுது இணங்குவாரோ அப்பொழுதெல்லாம் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். சில காணிகளை, இன்னும் சில ஆண்டுகள் மரம் வெட்டும் உரிமையை விற்பவருக்கே விட்டுவைத்து வாங்கவேண்டியிருந்தது, அதற்கும் பொறுத்திருந்தார். கடைசித் துண்டை 1962இல் வாங்கிக் கொடுத்தபொழுது வயது எண்பத்தைந்து. கொடுத்த மொத்தம் 2,01,018 ஏக்கர். எமது மாணவர்கள் மனக்கண்ணாற் காண்பதற்காகக் கூறுகின்றோம்: யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் ஐந்து பங்காக்கினால் அதில் ஏறத்தாழ நான்கு பங்கு.

கொடையின் அளவை வியப்பதற்காக இதனை நாம் எழுத வரவில்லை. அவர் கொடுத்த முறைதான் எம்மைக் கவர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி உறுதி. ஒவ்வோர் உறுதியிலும் நிபந்தனை. நிலம் என்றென்றும் அதன் இயற்கையான காட்டு நிலையிலேயே விடப்படல் வேண்டும். காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாதல் வேண்டும். மக்கள் வந்து மகிழ்வதற்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். மாநிலம் அந்நிலத்துக்கு உரிமையாளர் அன்று; மக்களுக்காக அதனை வைத்திருக்கும் தருமகர்த்தா மாத்திரமே. ஆகவே பின்வரும் சட்டசபையொன்று பெரும்பான்மை வாக்கினால் அதனை விற்றுவிடவோ வேறு காரியத்துக்கு மாற்றிவிடவோ முடியாது.

நிபந்தனையைக் கேட்பவர் அதிலுள்ள சிக்கலை உடனே காண்பர். காட்டு நிலையில் விடுவதென்றால் பாதை வெட்டலாமா? மக்கள் வந்து மகிழ்வதென்றால் அவர்கள் தங்குவதற்குக் குடில் வேண்டாவா? நூறு பேர் வந்தால் காடு தாங்கும்; நூறாயிரம் பேர் வந்தால்? பக்ஸ்ரர் இதனை அறியாதவரல்லர். உயிரோடிருந்த காலத்திலேயே ஆளுநர்களுக்கும் சட்டசபைக்கும் அடிக்கடி கடிதமெழுதித் தாம் வழங்கிய சொற்களுக்குத் தாமே உரை கூறிவந்தார். சட்டசபையும் அவ்வுரைகளை ஏற்றுக்கொண்டது. மூலத்தையும் உரையையும் ஒருவரே எழுதிவைத்துச் செல்லும் பேறு எமது இலக்கிய ஆசிரியர்களிற் பலருக்குக் கிட்டவில்லை. கிட்டியிருந்தால் தமிழாசிரியர்களாகிய எமக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கும். காணி கொடுப்போருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. 'பொது நன்மைக்காக', 'இயற்கையைப் பேணுவதற்காக' என்றெல்லாம் உறுதியில் எழுதுதல் எளிது. கிணறு தோண்டலாமா, விறகு பொறுக்கலாமா, ஆடு கட்டலாமா, விளையாட்டு மைதானம் கேட்டால் என்ன விடை என்பவற்றைக் கொடுப்பவர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், அவற்றுக்கு விடைகூறும் பொறுப்பு அடுத்த தலைமுறையின் வழக்கறிஞர்களைச் சேரும்.

இரண்டு நோக்கங்களும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எதற்கு முதலிடம் என்பதையும் அவர் ஐயத்துக்கு விடவில்லை. காடு முதலாவது, மனிதரின் பொழுதுபோக்கு அதற்குப் பின். இவ்வரிசை தெளிவாக இருப்பதனாலேயே அங்குள்ள நிருவாகிகளுக்கு 'முடியாது' என்று கூறும் துணிவு இருக்கின்றது. பூங்காவினுள் மின்சாரம் இல்லை. குழாய்நீர் இல்லை. தாரிட்ட தெரு இல்லை. உள்ளே செல்லும் ஒடுங்கிய மண்தெருவில் வாகனங்கள் மணிக்கு இருபது மைல் வேகத்துக்குள்ளேயே செல்லவேண்டும். வானொலிப் பெட்டியை முழங்கவிட்டுக்கொண்டு செல்லுதல் கூடாது. நாய் பூனைகளைக் கொண்டுசெல்லவும் தடை. இத்தடையை விதித்தவரோ நாய்களிடத்தில் அளவிறந்த அன்புடையவர்! ஆளுநராக இருந்தபொழுது, 1923இல், தம் செல்ல நாய் இறந்ததற்காக மாநில மாளிகையின் கொடியை அரைக்கம்பத்திற் பறக்கவிட்டு, முன்னாட் போர்வீரர்களின் கண்டனத்துக்கு ஆளானவர். தம் நாய்மீதுள்ள அன்பு வேறு, காட்டுவிலங்கின் அமைதி வேறு என்று பிரித்தறிந்த நேர்மையை நாம் மதிக்கின்றோம்.

யார் நடத்துவது? இவ்விடத்தில் அவர் செய்த ஏற்பாடு மிகவும் நுட்பமானது. மாநிலத்தின் பூங்காத் திணைக்களத்திடம் அதனை ஒப்படைக்கவில்லை. அதற்கென்று மூவர் கொண்ட தனி அதிகாரசபை: சட்டமா அதிபர், வனசேவைப் பணிப்பாளர், மீன்வளம் வனவிலங்குகளுக்கான ஆணையாளர். இவர்கள் மூவரும் பதவி வழியாக அங்கத்தவராகின்றவர்கள்; ஆளுக்காகச் சபையில் அமர்கின்றவர்கள் அல்லர். ஒருவர் ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் நாற்காலி வெறுமையாய் இராது. மேய்னில் சட்டமா அதிபரைத் தெரிவுசெய்வது சட்டசபை. மற்றை இருவரையும் ஆளுநர் தரப்பு நியமிக்கின்றது. ஆகவே மூவரும் ஒரே கையினால் வைக்கப்பட்டவரல்லர். காட்டை அறிந்தவர் ஒருவர், விலங்கை அறிந்தவர் ஒருவர், உறுதியின் சொல்லை அறிந்தவர் ஒருவர். இவர்களின் கீழ்ப் பூங்காப் பணிப்பாளரும் காவலரும் உளர். குடிமக்கள் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. எமது ஊர்த் தருமங்களில், கொடுத்தவரின் மூத்த மகன், அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன் என்று எழுதும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்ஸ்ரர் மணம் செய்யாதவர். மகன் என்று எழுத அவருக்கு ஒருவர் இல்லாமற்போனது அக்காட்டின் நல்லூழ் என்றே கூறத்தோன்றுகின்றது.

பணத்தைப்பற்றிக் கூறாமல் நிருவாகத்தைப்பற்றிப் பேசுவது வீண். காட்டைக் கொடுத்தவர் அதனைக் காப்பதற்கான முதலையும் கொடுத்தார். 1969இல் தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் இறந்தபொழுது பூங்காவின் பராமரிப்புக்காக விட்டுச்சென்ற நிதி ஏறத்தாழ எழுபது இலட்சம் டொலர். அந்நிதியின் வருவாய், வெளிமாநிலத்தவர் கொடுக்கும் நுழைவுப் பணம், தங்குமிடக் கட்டணம், ஒரு பகுதியில் வெட்டும் மரத்தின் விலை ஆகிய இவற்றினாலேயே பூங்கா நடைபெறுகின்றது. பொதுமக்களின் வரிப்பணத்தை அது எதிர்பார்ப்பதில்லை. மேய்ன் மாநிலத்து மக்கள் வாயிலிற் பணம் கொடாமலே நுழையலாம். வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் கையேந்தி நிற்கும் நிறுவனம் ஆண்டுதோறும் தன் கொள்கையையும் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கவேண்டி வரும். காணியை மாத்திரம் கொடுத்து, வேலிக்கும் காவலுக்கும் வழி வையாது செல்பவர், பெறுபவருக்குக் கடனையே கொடுத்துச் செல்கின்றார்.

ஒரு பகுதியில் மரம் வெட்டுவதுண்டு என்று கூறினோம். என்றென்றும் காடாக இருக்கவேண்டும் என்றவர் மரம் வெட்ட இடங்கொடுத்தாரா என்று வாசகர் ஐயுறுவர். கொடுத்தார், தாமே விரும்பிக் கொடுத்தார். இளமையில் ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபொழுது, தலைமுறை தலைமுறையாக வெட்டியும் குறையாது நிற்கும் காடுகளை அவர் கண்டிருந்தார். தம் மாநிலத்து மரவாணிகரோ வெட்டுவதை மாத்திரம் அறிந்திருந்தனர். காட்டை அழியாமல் அதிலிருந்து பயன்பெறலாம் என்பதைக் காட்டும் ஒரு செயல்முறைக் களம் வேண்டுமென்று 1955இல் வடமேற்கு மூலையில் ஒரு பகுதியை ஒதுக்கினார். அது 29,537 ஏக்கர். விஞ்ஞான முறைக் காட்டு முகாமைப் பகுதி என்று அதற்குப் பெயர். வேட்டையிலும் இவ்வாறே. பூங்காவின் பெரும்பகுதி விலங்குகளின் புகலிடம். ஏறத்தாழக் காற்பங்கில் மாத்திரம், காலங்காலமாக அங்கே வேட்டையாடி வந்த ஊரவரின் மனத்தை முறிக்காதபடி, வேட்டைக்கு இடம் உண்டு. ஆயினும் மூஸ் எனப்படும் பெருமானை எப்பகுதியிலும் சுடுதல் கூடாது. வேட்டைக்கு இடம்விட்டது எமக்கு உவப்பானதன்று. ஆனால் காட்டுக்கு அயலில் வாழ்பவனைப் பகைத்துக்கொண்டு எந்தக் காட்டையும் காத்தவரில்லை என்பதையும் மறுக்க முடியவில்லை.

இனி, கொடையாளர் மறைந்தபின் வந்த சோதனையைக் கூறுவோம். 1974 நவம்பரில் பெரும் புயலொன்று வீசிப் பூங்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரங்களை வீழ்த்தியது. வீழ்ந்த மரம் காய்ந்தால் நெருப்புக்கு உணவு. ஆகவே கனரக இயந்திரங்களைக் கொண்டு அவற்றை அப்புறப்படுத்த அதிகாரசபை முடிவுசெய்தது. புயல், தீ, பூச்சி முதலியவற்றால் அழிவு நேரும்பொழுது துப்புரவு செய்ய அதிகாரசபைக்கு இடமுண்டென்று பக்ஸ்ரர் காலத்து விளக்கங்களிலே இருந்தது. ஆயினும் இயந்திரம் செல்லத் தெரு வெட்டவேண்டும்; தெரு வெட்டிய காடு காட்டு நிலையிலுள்ள காடாகுமா? சாதாரணக் குடிமக்கள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். உங்களுக்கு இதில் என்ன உரிமை, இது அதிகாரசபையின் பொறுப்பல்லவா என்று அவர்களைக் கேட்டனர். பூங்காவைப் பயன்படுத்தும் குடிமக்களுக்கும் அத்தருமத்தைக் காக்குமாறு நீதிமன்றத்தை அணுகும் உரிமை உண்டென்று 1978இல் மேய்ன் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில், 1977 யூலை மாதத்தில், மின்னல் விழுந்து தீப்பற்றிற்று. ஏறத்தாழ 3,500 ஏக்கர் எரிந்தது. புயலில் வீழ்ந்து கிடந்த மரங்களும் அதற்கு இரையாயின. அதிகாரசபை அஞ்சியது பொய்யன்று. ஆனால் எரிந்த இடத்தில் பேர்ச் முதலிய மரங்கள் தாமாகவே முளைத்து எழுந்தன. இன்று அங்கே இளங்காடு நிற்கின்றது. யார் சொன்னது சரி என்று மாணவர்கள் வழக்காடிப் பார்க்கலாம். பட்டிமன்றத்துக்கு ஏற்ற பொருள். எமது கருத்தைக் கேட்டால், வீழ்ந்த மரமும் காட்டின் செல்வமே, அதனைத் துப்புரவு செய்யவேண்டிய குப்பையாகக் காண்பது தோட்டக்காரனின் கண் என்போம். ஆனால் காட்டுக்கு அயலில் எமக்கு வீடு இருந்திருந்தால் இத்துணை உறுதியாகக் கூறுவோமோ என்னவோ.

இவ்வழக்கில் எமது நாட்டினருக்கும் ஒரு செய்தி உண்டு. இலங்கையில் தருமசாதனங்களை ஆள்வது 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டம். வறியவர்க்கு உதவுதல், கல்வி, சமயம் என்பவற்றோடு மனித குலத்துக்கு நன்மை பயக்கும் பிற நோக்கங்களும் அதன்படி தருமமாகும். அத்தகைய தருமத்தில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடுவதற்கும் அச்சட்டத்தில் வழியுண்டு. அங்கும் ஐவர், இங்கும் ஐவர்! கோயில் வழக்குகளுக்கு மாத்திரமே இவ்வழி என்று எண்ணியிருப்போர் மரங்களையும் நினைவிற் கொள்ளலாம்.

இயற்கையை அதன் போக்கில் விடுதல் என்பது எங்கும் ஒரே பொருளைத் தருவதன்று. எமது நாட்டிலே, தம்புள்ளையிலிருந்து கண்டலமைக்குச் செல்லும் வீதியில், பொப்பம் என்னும் ஆங்கிலேயர் உண்டாக்கிய மரச்சோலை ஒன்று இருப்பதை வாசகரிற் சிலர் பார்த்திருப்பர். முன்னர் கடற்படையிலும் பின்னர் தேயிலைத் தோட்டத்திலும் பணியாற்றிய அவர், 1963இல், சேனைப்பயிர்ச் செய்கையால் வளங்குன்றி முட்பற்றை மண்டியிருந்த காணியை அங்கே வாங்கினார். முதலிற் கன்றுகளை நட்டுப் பார்த்தார்; வரட்சியில் அவை பட்டுப்போயின. ஆனால் பற்றையின் நடுவே, எவரும் நடாமலே, முதிரை, கருங்காலி, பாலை, வீரை முதலிய நாட்டு மரங்களின் கன்றுகள் தலைநீட்டுவதை அவர் கண்டார். நடுவதை நிறுத்தினார். அக்கன்றுகளை நெருக்கி நின்ற முட்பற்றையை மாத்திரம் கையாற் களைந்து, வெளிச்சமும் இடமும் கொடுத்துவந்தார். கன்றுகள் மரங்களாயின. உலர்வலயக் காட்டை மீட்கும் அம்முறைக்குத் தம்புள்ளை முறை என்றே பெயர் வழங்கலாயிற்று. 1989இல் அச்சோலையைக் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திடம் அவர் ஒப்படைத்தார். கட்டாடினில் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். தம்புள்ளையில் கத்தியோடு நிற்கவேண்டும். எமது வெறும் வளவுகளைச் சோலையாக்க நினைப்போர் பின்பற்றத்தக்கது இரண்டாவது முறையே. பூட்டிவிட்டுப் போனால் எஞ்சுவது காடன்று, பற்றையும் பிறர் கொட்டிய குப்பையுந்தான். ஆயிரம் கன்று நட்டுப் படம் பிடித்துச் செல்வதைக் காட்டிலும், தாமாக முளைத்த வேம்பையும் பாலையையும் அறிந்து அவற்றைச் சூழ்ந்த முள்ளைக் களைய ஒருவரை ஆண்டு முழுவதும் அமர்த்துவது பயன்தரும். அதற்குச் சம்பளம் வேண்டும்.

மீண்டும் மேய்னுக்குச் செல்வோம். இன்று அங்குள்ள பெருஞ் சிக்கல் மரம் வெட்டுவோரால் வருவதன்று, காட்டை நேசிப்போரால் வருவது. கட்டாடின் உச்சி, அப்பலேச்சியன் நெடும்பாதை எனப்படும் இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட நடைபாதையின் வட எல்லை. மாதக்கணக்காக நடந்து வருவோர் அங்கே வந்து சேரும்பொழுது கொண்டாட விரும்புவது இயல்பே. ஆனால் அவ்வுச்சிக்குக் கீழேயுள்ள மேட்டுநிலத்தில், கட்டாடின் பெயரையே தாங்கிய ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியினம் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் புழு உண்பது அங்கே முளைக்கும் கோரைப்புற்களை. அப்புல்லின்மீது எத்தனை சப்பாத்துக்கள் மிதிக்கலாம்?

அதிகாரசபை இதற்குக் கண்ட வழி வெகு எளியது. மலையடிவாரத்தில் வாகனம் நிறுத்தும் இடங்களை எண்ணி வைத்திருக்கின்றனர். அவை நிரம்பினால் அன்று அப்பாதை வழியாக ஏறவந்தோர் வேறு பாதைக்குச் செல்லவேண்டும். தரிப்பிடத்தைப் பெருப்பிப்பதில்லை. கூட்டமாகச் செல்வோர் பன்னிருவருக்கு மேற்படக் கூடாது. 2015இல், புகழ்பெற்ற ஓட்டவீரர் ஒருவர் அந்நெடும்பாதை முழுவதையும் நாற்பத்தாறு நாட்களில் ஓடி முடித்து, உச்சியில் நண்பர்கள் சூழ நின்று சம்பேன் போத்தலை உடைத்துக் கொண்டாடினார். நாடெங்கும் அவரைப் பாராட்டியது. பூங்கா அதிகாரிகளோ, பொதுவிடத்தில் மதுவருந்தியமை, அதனைச் சிந்திக் குப்பையாக்கியமை, பன்னிருவருக்கு மேற்பட்ட கூட்டத்தோடு வந்தமை என்று மூன்று குற்றங்களைச் சாட்டினர். மதுவருந்தியதற்கு ஐந்நூறு டொலர் தண்டம் கட்டினார், மற்றையவை கைவிடப்பட்டன. ஒரு போத்தலுக்கு இத்தனை கெடுபிடியா என்று பலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. பெரியவருக்கு விட்ட சட்டத்தைச் சிறியவருக்குப் பிடிக்க முடியாது. அடுத்த ஆண்டு முதல், நெடும்பாதையில் நடந்து வருவோர் அனுமதிச் சீட்டுப் பெற்றே மலையேறவேண்டும் என்று விதித்தனர்.

இன்னொன்று கூறி முடிக்கின்றோம். கட்டாடினுக்குக் கிழக்கே, அம்மலையின் சாயல் விழும் ஏரியொன்று உண்டு. கட்டாடின் ஏரி என்பர். பக்ஸ்ரர் அதனை வாங்க விரும்பியிருந்தார், வாய்க்கவில்லை. அவர் இறந்து முப்பத்தேழு ஆண்டுகளின் பின், 2006இல், மேய்ன் மக்கள் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் டொலர் திரட்டி, அந்த ஏரியையும் அதைச் சூழ்ந்த 4,119 ஏக்கரையும் பெற்றுப் பூங்காவோடு சேர்த்தனர். வேட்டையில்லாப் புகலிடம் என்னும் நிபந்தனை அதற்கும் உண்டு. அதற்கு வடக்கேயுள்ள துண்டில் வேட்டையும் பனிவண்டிச் சவாரியும் வேண்டுமென்று அயலூரவர் வாதாடினர். அவர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் அத்துண்டு பக்ஸ்ரர் பூங்காவினுள் வரவில்லை. மாநிலத்தின் வேறொரு திணைக்களத்திடம் அது போயிற்று.